தொங்கிய கொண்டி

இன்று காலை ஓவேலி ரோட்டோரம் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். எட்டிப் பார்த்தேன். இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டும் கொண்டி தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில் ஏறி அதைப் பூட்டிவிட்டு இறங்கினேன்; முழங்கால் இன்னும் வலிக்கிறது. நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

நீங்கள் சிலோனிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு வந்த புதிது. அங்கே பத்து வருடம் டிராக்டர் ஓட்டியவருக்கு இங்கே கிடைத்தது தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றும் வேலை. ஓட்டுகிறவன் நான். உழும்போது கொண்டியைக் கழற்றிவிடுவேன். ஒரு பக்கத்து மிதியை மட்டும் அழுத்தினால்தான் முனையில் வண்டி சட்டென்று திரும்பும். ரோட்டுக்கு வந்தால் பூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். தார் ரோட்டில் ஏறும்போதெல்லாம் கேட்பீர்கள்: "கொண்டி போட்டாச்சா, அண்ணே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில், எல்லோர் முன்னாலும், "ஏனுங்க, நேத்து கப்பல்ல வந்தவங்க எனக்குப் பாடம் எடுக்கோணுமா? இனிமே கேக்காதீங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு நீங்கள் கேட்கவில்லை.

நான்காம் நாள் நாற்று மேட்டை உழுதுவிட்டு, டிரெய்லரை மாட்டிக்கொண்டு பாக்டரிக்கு இறங்கினோம். மூட்டைகளின்மேல் உங்களோடு ஒன்பது பெண்கள். அவர்களில் ஒருத்தி உங்கள் மனைவி. தூறல் வேறு. இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி வலப்பக்கம், பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. இன்னும் அழுத்தினேன், இன்னும் திரும்பியது. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியது. பெண்கள் அலறினார்கள்.

"காலை எடுங்கண்ணே! ரெண்டையும் சேத்து மிதிங்க!"

உங்கள் குரலுக்குத்தான் என் கால் பணிந்தது. நின்றபோது முன்சக்கரம் ஒன்று தாரைத் தாண்டிப் புல்லில் இருந்தது. அதற்கு அப்பால் பள்ளம்தான்.

சக்கரங்களுக்குக் கல் வைத்தீர்கள். பெண்களை ஒவ்வொருவராக இறக்கி நடக்கச் சொல்லி அனுப்பினீர்கள். அவர்கள் போனதும், "கொண்டி தொங்குனதப் பாத்திருந்தா சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று உங்கள்மேல் பாய்ந்தேன்.

"மேட்டுலயே பாத்தேன். கேக்காதேன்னு சொன்னீங்கதானே. ரோசத்துல வாயை மூடிக்கிட்டேன்" என்றீர்கள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எம் பொஞ்சாதியும் உள்ளதானே இருந்தா" என்று அழுதீர்கள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "பிரேக் புடிக்கலீங்க" என்றேன் நான். பக்கத்தில்தான் நின்றீர்கள். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பழையபடி கேட்க ஆரம்பித்தீர்கள். நானும் கடைசிவரை, "போட்டாச்சுங்க" என்று பதில் சொன்னேன். பிரேக் பிடிக்கவில்லை என்ற அந்தப் பொய்யைப் பற்றி மட்டும் நாம் பேசவேயில்லை.

உங்களை எடுத்த அன்று உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குப் பிரேக் பழுதாகியும் நிப்பாட்டி எங்க உசிரக் காப்பாத்துனீங்களே, அண்ணே" என்றார். இத்தனை வருடம் வீட்டில்கூட நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

'பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, தங்கச்சி. நான்தான் கொண்டியைப் போடலை. நிப்பாட்டுனது உங்க ஊட்டுக்காரரு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இன்றும் உங்கள் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.