அக்காவுக்கு இடமில்லாத ஆராய்ச்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்பு என்று எழுதிவிட்டு அதை அடித்துவிடலாமா என்று சற்று யோசித்தேன். பொய்யில்லை, இருக்கட்டும். ஆனால் இது கோபமான கடிதம். நீங்கள் இருந்தவரை உங்கள் முகத்துக்கு நேரே பேச எனக்குத் தைரியம் வந்ததில்லை. நீங்கள் போன பிறகுதான் எனக்கு வாய் முளைத்திருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் வேறு வழியில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. ஜோதிடத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய நிதி கேட்டு விண்ணப்பித்தேன். சிரிக்காதீர்கள். ஜோதிடம் பலிக்குமா, பலிக்காதா என்ற பட்டிமன்றம் இல்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஜாதகத்தின் பேரால் கல்யாணம் நின்றுபோன பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் என் ஆராய்ச்சி. யாரை நினைத்துக்கொண்டு அதை எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. என் அக்கா வடிவு, மூல நட்சத்திரம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மூலத்துப் பெண் காலடி எடுத்து வைத்தால் மாமனாருக்கு ஆகாதாம். அதனால் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடியபோது பையனின் படிப்பை யாரும் கேட்கவில்லை. பையனுடைய அப்பா செத்துவிட்டாரா என்றுதான் கேட்டார்கள். அப்பா இல்லாத பையன் என்றால் எங்கள் வீட்டில் ஒரு சந்தோஷம் வரும். என்ன குடும்பம் அப்பா நாம்?

அப்போதுதான் தளவாய்புரத்திலிருந்து அந்த வரன் வந்தது. மில்லில் சூப்பர்வைசர், நல்ல மனிதர். அக்காவுக்குப் பிடித்திருந்தது. அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் அவர் போட்டோ வந்த அன்று அவள் பூ வைத்துக்கொண்ட விதமே சொன்னது. அவருடைய அப்பாவோ திடகாத்திரமாக இருந்தார், குரலும் பெரிது. தரகர் அதற்கும் வழி வைத்திருந்தார். உங்களைத் தனியே கூப்பிட்டு, "சார், பொறந்த நேரத்தக் கொஞ்சம் முன்னபின்ன போட்டு வேற சாதகம் எழுதிருவோம். ஊர்ல எல்லாரும் செய்யுறதுதான்" என்றார்.

முன்னே தள்ளினால் கேட்டை, அது மூத்த மைத்துனருக்கு ஆகாது. பின்னே தள்ளினால் பூராடம், பூராடத்தில் நூலாடாது, தாலி நிற்காது. இந்த நேரத்தில் பிறக்கும் பெண்ணுக்குத் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு பிணம் காத்திருக்கிறது. தரகர் அசரவில்லை. தேதியையே மாற்றி ரோகிணி ஆக்கிவிடலாம் என்றார். அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஒத்த எழுத்து மாத்துனா உங்க நேர்ம கொறஞ்சா போகும்? எம்புள்ளைக்கு ஒரு வாழ்க்க கெடைக்கும்லா?"

நீங்கள் மாட்டேன் என்றீர்கள். கணக்கு வாத்தியார் பொய் எழுத மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று கேசரி சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பெரியவர் நட்சத்திரம் கேட்டார். நீங்கள் நெஞ்சை நிமிர்த்தி "மூலம்" என்றீர்கள். அவர் தட்டைக் கீழே வைத்தார். "வாத்தியாரய்யா, நான் கொஞ்ச நாள் உசுரோட இருக்கணுமா, வேண்டாமா?" என்று சிரித்தார். நீங்களும் மரியாதைக்குச் சிரித்தீர்கள்.

உங்களுக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை இருந்திருந்தால்கூட உங்களை மன்னித்திருப்பேன். உங்களுக்கு அதில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஊரே பொய் ஜாதகம் எழுதிப் பிள்ளைகளைக் கரையேற்றியது. பொய்யான ஒரு விஷயத்துக்கு உண்மையாக நின்றவர் நீங்கள் ஒருவர்தான். அந்த உண்மைக்கு விலை கொடுத்தது மட்டும் நீங்கள் இல்லை.

அடுத்த வருடமே அந்தப் பெரியவர் மாரடைப்பில் போய்விட்டார். ஊர் என்ன சொன்னது? "பேச்சு நடந்ததுக்கே ஆளத் தூக்கிருச்சு, கட்டிருந்தா என்னாகும்?" அதோடு அக்காவுக்கு வரன் வருவது நின்றது. கட்டாத வீட்டு மாமனாரைக் கொன்றவள் என்று ஒரு பெண்ணைச் சொல்ல முடியும் என்றால் அது நம் ஊரில்தான் முடியும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். என் பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம், வேலை இன்னும் இருக்கிறது. வேலையும் நிரந்தரமில்லை. ஆராய்ச்சி நிதி கொண்டுவருகிறவர்களைத்தான் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். துறைத்தலைவர் நல்லவர், எங்கள் பக்கத்துக்காரர்தான். கடைசி நாள் மதியம் அவர் மேசையில் விண்ணப்பத்தை வைத்தேன். வாங்கிப் புரட்டினார், தலையாட்டினார், பேனாவைத் திறந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூடினார். "வியாழக்கெழம. மூணு மணி வர ராகு காலம் மேடம். அதுக்குப் பொறவு கையெழுத்துப் போடுதேன். நல்ல காரியம் பாருங்க" என்றார். ஜாதகத்தால் கெட்டவர்களைப் பற்றிய விண்ணப்பம் ராகு காலம் முடியும் வரை அவர் மேசையில் காத்திருந்தது. நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வரவில்லை.

பிறகு நேர்காணல், கணினித் திரையில். நிதி கொடுக்கும் குழுவில் மூன்று பேர். ஒருவர் எடுத்ததும் என் நட்சத்திரம் கேட்டார். கோபம் வந்தது, ஆனாலும் சொன்னேன். நடுவில் இருந்த பெரியவர் பொறுமையாக விளக்கினார். "நின்னுபோன கல்யாணத்த ஆராய்ஞ்சு என்னம்மா பிரயோஜனம்? மூல நட்சத்திரப் பெண்கள் கல்யாணமாகிப் போன வீடுகள எடுங்க. மாமனார் எப்ப இறந்தார்னு கணக்கெடுங்க. சாஸ்திரம் சொன்னது சரியா இருக்கான்னு பாருங்க. அதுக்குத்தான் நிதி கொடுக்க முடியும்."

ஊரில் பாதி ஜாதகம் திருத்தி எழுதியது, அதை வைத்து எதைக் கணக்கெடுப்பது என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. "சாஸ்திரத்தக் குறை சொல்றதுக்கு ஆராய்ச்சின்னு பேர் வைக்காதீங்க" என்றார். தலைப்பை மாற்றி அனுப்பினால் பரிசீலிப்போம் என்று முடித்தார்கள். மாற்றுகிறேன் என்றேன். ஆமாம் அப்பா, உங்களைப் போல எனக்கு நெஞ்சு நிமிரவில்லை. வேலை வேண்டியிருந்தது.

மாற்றி எழுதியதை டைப் அடிக்க அக்காவிடம் கொண்டுபோனேன். அவள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வக்கீல்களுக்கு மனு டைப் அடிப்பதுதான் முக்கிய வருமானம். அதில் பாதி விவாகரத்து மனு. எல்லாம் பொருத்தம் பார்த்துச் சேர்த்த ஜோடிகள். தலை நரைத்துவிட்டது, சாயம் அடிப்பதில்லை. "ஏட்டி கோமதி, செத்த நேரம் இரு. இவியளப் பிரிச்சு வச்சுட்டு வாரேன்" என்று சொல்லி ஒரு மனுவை முடித்தாள்.

என் தாள்களை வாங்கி ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணம் ஆனவளத்தான கணக்கெடுக்கப் போற? மாமனாரு செத்தாரா, இருக்காரான்னு. எனக்கு மாமனாரே வாய்க்கலயே. அப்ப நான் மூலம் இல்லையா? சரி, தளவாய்புரத்துப் பெரியவரு சாவு எந்தக் கணக்குல வரும்? அது எம்மேலதான கெடக்கு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. யார் வாழ்க்கை முழுதாக நாசமானதோ அவளை அந்த ஆராய்ச்சி எண்ணவே எண்ணாது. கல்யாணமாகித் தப்பித்தவர்களை எண்ணி, ஒன்று சாஸ்திரம் சரி என்று எழுதுவேன், அல்லது தவறு என்று எழுதுவேன். இரண்டிலும் அக்கா கிடையாது. நான் அதற்குச் சம்மதித்து, அதை அவளையே டைப் அடிக்கவும் சொன்னேன்.

தலைப்பை மாற்ற முடியாது என்று அன்றே குழுவுக்கு எழுதிவிட்டேன். நிதி இல்லை என்று பதில் வந்தது, மிக மரியாதையான பதில். துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "ஒங்களுக்கு ஏழரச் சனி எதுவும் நடக்குதா மேடம்?" அவரை என்ன செய்வது? அடுத்த வருடம் வேலை இருக்காது என்று அவருக்கும் தெரியும். எள் விளக்கு போடச் சொன்னார்.

நான் விளக்குப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறுகிறேன். நிதி கொடுக்கத்தான் குழு வேண்டும், கதவைத் தட்டக் கை போதும். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. ஒருத்தி மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, "இத இம்புட்டு நாளா யாரும் எங்கிட்டக் கேக்கலயேம்மா" என்றாள்.

ஆனால் முதலில் பேட்டி கண்டது அக்காவைத்தான். கடையைச் சாத்திய பிறகு, கோர்ட் வாசல் காலியாக இருந்த ஒரு ஞாயிறு. எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்: உங்கள் கல்யாணம் யாரால் நின்றது? ஜோசியர் என்பாள், மாப்பிள்ளை வீடு என்பாள், ஊர்வாய் என்பாள் என்று நினைத்தேன்.

"அப்பாவாலன்னு எழுது" என்றாள்.

நான் பேனாவை எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தானே வேண்டாம் என்றார்கள் என்று இழுத்தேன்.

"அவியளுக்கு அவிய வீட்டு உசுரு பெரிசு. அதுல தப்பு என்ன இருக்கு? நம்ம அப்பாவுக்கு நான் எம்புட்டுப் பெரிசா இருந்தேன்னு ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை அப்பா. உங்களுக்குத் தெரியுமா?

எழுதிவிட்டேன். இந்த ஆராய்ச்சி என்றைக்காவது அச்சேறினால் அவள் பதில் அவள் சொன்னபடியே இருக்கும். உங்கள் பெயரைக் காப்பாற்ற அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மகள்தான், ஆனால் அதற்கு முன்னால்
வடிவின் தங்கை,
கோமதி