கேட்டில் விட்டு வந்த போன்

செவ்வாய், இரவு

இன்று மதுரையில் இவருக்கு எக்கோ எடுத்தார்கள். கொஞ்ச காலம் ஓய்வு கிடைத்தால் இதயத் தசை தேறிவிடும், பிறகு எடுத்துவிடலாம் என்றுதான் நெஞ்சுக்குள் பம்ப் வைத்தார்கள். இப்போது வால்வு ஒன்று சரியாக மூடவில்லையாம். பம்ப் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஒரு பங்கு திரும்ப இதயத்துக்குள்ளேயே இறங்குகிறது.

"அதுக்கு ஓய்வே கிடைக்கலம்மா. அதான் தசை தேறல. இப்போதைக்குப் பம்பை எடுக்க முடியாது" என்றார் டாக்டர்.

மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

சிவகாசிக்குத் திரும்பும் வழியில், ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் பட்டாசு ஆலை வாசலில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பேட்டரி, செல்போன் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது; போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இவர் வைத்த சட்டம்தான். பம்ப் ஓடுவதோ தோளில் தொங்கும் இரண்டு பேட்டரிகளில்.

வாட்ச்மேன் மாடசாமி ஓடிவந்தார். "மொதலாளி, எப்ப உள்ள வருவீக?"

இவர் உள்ளே போகிறவர்கள் செய்வதுபோலச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். மாடசாமி வாங்கிக்கொண்டு பேட்டரிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெட்டியில போடுங்க" என்று சொல்லிவிட்டு, இவர் வந்து காரில் உட்கார்ந்துகொண்டார்.

நான் திரும்பக் கேட்டு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார். பம்ப் வயரைச் சுவர் பிளக்குக்கு மாற்றினேன். அப்போது கொழுந்தனார் என் போனில் கூப்பிட்டார். "மதினி, அண்ணன் ஏன் போனை எடுக்க மாட்டேங்காக?"

"ஆலைக்குள்ள இருக்காக" என்றேன்.