மெழுகுதிரி எரிந்துகொண்டுதான் இருந்தது

ஜூன் 5
இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமானதையும் மறைக்க மாட்டேன். முதல் உண்மை: இன்று விஞ்ஞானப் பாடத்தில் தூங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த நிரோஷா கிள்ளினாள்.

ஜூன் 7
எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா வேலை செய்யும் றப்பர் ஃபெக்டரிக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். கழிவுத் தண்ணித் தொட்டிக்குள் பம்ப் அடைத்திருந்தது. இறங்க இருந்தவர் அப்பாவோடு வேலை செய்யும் செல்லையா மாமா. முன்பு குருவிட்டவில் மாணிக்கக்கல் தோண்டும் குழியில் வேலை செய்தவர். அங்கே முதலில் மெழுகுதிரியைக் கொளுத்திக் கயிற்றில் இறக்குவார்களாம். அணைந்தால் காற்று இல்லை, இறங்கக் கூடாது.

"மருமகளே, கடையில ஒரு மெழுகுதிரி வாங்கிட்டு ஓடியா."

நான்தான் வாங்கி வந்தேன். மாமா அதைக் கயிற்றில் இறக்கியதும் நான்தான் எட்டிப் பார்த்து, "எரியுது மாமா!" என்று கத்தினேன்.

இறங்கினார். விழுந்தார்.

"எரியுதுதானே, காத்து இருக்கு. மயக்கம்தான்" என்று அப்பாவும் இறங்கிவிட்டார். அவரும் விழுந்தார். வேணாம்ப்பா, மேல வாங்கப்பா — சத்தமே வரல எனக்கு.

லொறி ஓட்டும் ஹுஸைன் நானா மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி அப்பாவின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். எல்லாரும் இழுத்தார்கள். மாமாவை எடுக்கும்போது நேரம் போய்விட்டது.

ஜூன் 8
மாமா இல்லை. அப்பா கேகாலை ஆஸ்பத்திரியில். கண் திறக்கவில்லை.

ஜூன் 11
திறந்தார். "செல்லையா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 2
விஞ்ஞானம் படிப்பிக்கும் றமீலா டீச்சரிடம், மெழுகுதிரி எரிந்தால் குழிக்குள் இறங்கலாமா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "அழுகின தண்ணியில வாற விஷவாயு இருந்தாலும் மெழுகுதிரி எரியும் பிள்ள. ஏன் கேக்குறீங்க?"

அப்படியென்றால் நான் கத்தினது? யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20
அப்பாவுக்கும் ஹுஸைன் நானாவுக்கும் வீர விருதாம். பம்ப் மறுபடி அடைத்துவிட்டதாம். "பயமில்லாத ஆள் நீதானே, சனிக்கிழமை இறங்கிடு" என்று ஃபெக்டரி தொரை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

"இந்தத் தரம் அடிவரைக்கும் மெழுகுதிரி விட்டுப் பாத்துட்டுத்தான் இறங்குவேன்" என்றார் அப்பா.

டீச்சர் சொன்னதைச் சொன்னால் மாமாவின் மனைவி தங்கம்மா அத்தை என்னை எப்படிப் பார்ப்பார்? சொல்லாவிட்டால் சனிக்கிழமை?

ஆகஸ்ட் 22
கேகாலை மண்டபத்தில் விருது விழா. கைதட்டல். அத்தை கடைசி வரிசையில் இருந்தார். கூட்டம் கலைந்ததும் அப்பாவையும் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "எரிஞ்சதத்தானே எரியுதுன்னு சொன்ன" என்று என் கையைப் பிடித்தார்.

அப்பா விருதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொரையிடம் போனார். "சனிக்கிழம எறங்க மாட்டேங்க. வேற ஆளையும் எறங்க விட மாட்டேன். மிஷின் கொண்டாந்து அள்ளுங்க."

"என்னப்பா, வீரன் பேசுற பேச்சா இது?"

"பயமா இருக்குங்க, தொரை."

"எனக்கும்தான்" என்று ஹுஸைன் நானா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

தொரை பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய் யாருக்கோ ஃபோன் எடுத்தார். "மிஷின்" என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. அத்தை இன்னும் என் கையை விடவில்லை. நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மண்டபத்து லைட்டுகளை அணைத்துவிட்டார்கள்.