பினாங்குச் சுவரில் மாட்டியிருந்த படம்

அக்கா,

இன்று காலை கணினியைத் திறந்ததும் அந்தப் படம் வந்து நின்றது. பினாங்கு நூலகத்தார் மறுபடி அனுப்பி, ‘சுவரில் இருப்பவர் யாரென்று தெரிந்ததா?’ என்று பணிவாகக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் காலமான விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பழைய படங்களை அவர்கள் அனுப்புவதும், யார், எந்த ஊர் என்று நம் ராஜபாளையம் நூலகம் விசாரித்துச் சொல்வதும்தான் ஏற்பாடு. ஓய்வு பெற்ற பிறகும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தீர்கள். படத்தைக் காட்டி விசாரிக்கப் போய், மகாராஜபுரத்தில் பாதி வீடுகளில் உங்களுக்குக் காப்பி வாடிக்கையாகிவிட்டது.

முதலில் பினாங்கு நூலகத்தார் செய்த தப்பு நினைவிருக்கிறதா? பொட்டும் மாலையுமாகச் சுவரில் தொங்கிய ஒரு படத்துக்கு, ‘குடும்பத் தலைவருக்குப் பாராட்டு’ என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

“ஏட்டி, செத்தவருக்குப் பாராட்டு விழாவே நடத்திப்புட்டாக!” என்று சிரித்தீர்கள். உயிரோடு இருப்பவரின் படத்துக்கு நாங்கள் பொட்டு வைப்பதில்லை என்று நீங்களே விளக்கி எழுதினீர்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தப் படம் வந்தது. ஒரு மளிகைக் கடை. முன்னால் ஒரு பெண், அவர் மடியில் குழந்தை. பின்சுவரில் கோட்டுப் போட்ட ஒருவரின் படம். பெரிதாக்கிப் பார்த்தீர்கள். உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் அதே படம். நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது கப்பலேறிய அப்பா, ஒரு பிரதியைக் கையோடு கொண்டு போயிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் படத்துக்குப் பொட்டு கிடையாது. கடிதம் நின்றுபோன பிறகும் உங்கள் அம்மா வைக்க விடவில்லை. வருவார் என்று சொல்லிச் சொல்லியே, நெற்றிக் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்தார். பினாங்குப் படத்தில் பொட்டு இருந்தது, மாலையும் இருந்தது.

நான் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். நீங்கள் அழவில்லை.

“மால போட அங்கன ஆள் இருந்திருக்கு. நல்லாருக்கட்டும்.”

பெயரை எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“செத்த பொறு. எங்கம்மாவ நெனச்சா கை வரமாட்டேங்கு. பொறவு எழுதுவோம்.”

அந்தப் பொறவு வரவேயில்லை. எனக்கு உங்கள்மேல் கோபம்தான். பெயர் தெரிந்தும் சொல்லாமலிருப்பது நம் தொழிலுக்கு அடுக்காது.

இன்று உங்கள் மகனிடம் கேட்டுக்கொண்டு நானே எழுதிவிட்டேன். பெயர், ஊர், இங்கே ஒரு மகள் இருந்து காலமானது, எல்லாம்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. மடியில் இருந்த குழந்தை இப்போது வயதான பெண்மணி. தகவல் சொன்னதும் நூலகத்துக்கே வந்துவிட்டாராம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: ‘அப்பா திரும்பி வருவார் என்று அங்கே காத்திருந்தார்களா?’

ஆமாம் என்றால் அவருடைய அப்பாவைக் குற்றம் சொன்னதாகும். இல்லை என்றால் உங்கள் அம்மாவுக்குச் செய்கிற துரோகம். ‘ஆமாம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அது சரிதானா என்று இன்னும் மனம் அடித்துக்கொண்டிருக்கிறது.

செத்த நேரத்தில் இன்னொரு வரி வந்தது. அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டாராம்.

உங்களுக்கு ஒரு தங்கை இருக்கிறார், அக்கா. அவரும் அப்பாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.