சத்தம் போன ஜீப்

புதன்கிழமை, இரவு

டீசல் ஜீப்பின் சத்தம் ஒருவழியாக அடங்கிவிட்டது. ஓட்டை சைலன்சரை மாற்றி, இஞ்சினுக்கு அடியில் புது ரப்பர் வைத்து, பானெட்டுக்குள் தடிமனாகக் கம்பளி ஒட்டிக் கொடுத்தார் சேவூர் மெக்கானிக். "ஹார்ன் அடிச்சிகினே போங்க, வண்டி வர்றதே தெரியல" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

நேராக முள்ளிப்பட்டுக்கு விட்டேன். அங்கே என்னிடம் பட்டுநூல் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்கிற ஏழுமலை, தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டதுமே தறியை மூடிவிட்டுக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வான். இன்று நான் வாசலில் நின்றபோதும் நெய்துகொண்டிருந்தான். தறியில் வேறு முதலாளியின் பட்டு. என் பாவு பரணில் கிடந்தது.

"இத்த முடிச்சிட்டு உங்களுது ஏத்திடறேங்க" என்றான்.

அவன் மனைவியிடம் கத்தரிக்கோல் கேட்டேன். ஏதோ நூல் வெட்டத்தான் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பாதிச் சேலையோடு எல்லா இழையையும் அறுத்துப் போட்டேன். அவன் அழுததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்தது யாருக்கும் தெரியவில்லை. உள்ளே என் மனைவி தங்கையோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படியெல்லாம் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

"வெச்சிடாதடி, பேசு. அந்தாளு வந்தா தெருமுனையிலயே ஜீப் சத்தம் கேட்டுடும். அப்ப தலவலின்னு படுத்துக்கறேன்."

திரும்பிப் போய் ஜீப்பில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தேன்.

உள்ளே போனபோது போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாள். நெற்றியில் தைலம்கூடப் பூசியிருந்தாள்.