ரிலீவர் பாடிய பாட்டு

சுங்குவார்சத்திரம்
3-2-2025

அன்புள்ள பிரியா,

நீ பகல் ஷிஃப்ட், நான் நைட் ஷிஃப்ட் என்றானபின், ஒரே அறையில் இருந்தும் அரிசி டப்பா மேல் கடிதம் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. ரசம் வைத்திருக்கிறேன், சாப்பிடு.

ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஆண்டு விழாவில் நான் திரைக்குப் பின்னால் பாட, நீ முன்னால் வாயசைத்து ஆடுவாய் என்றபோது சிரித்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டேன். அசெம்பிளி லைனில் பாத்ரூம் போக யார் கையைத் தூக்கினாலும் ஓடிப்போய் அவர்கள் இடத்தில் நிற்கிற ரிலீவர்தானே நான், மேடையிலும் அதே வேலை என்று நினைத்தேன். இப்போது தென்காசியிலிருந்து அம்மா வருகிறாள். "எம்மவ மேடையில பாடுதா" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாளாம். என் பெயரையாவது மைக்கில் சொல்லும்படி விழா நடத்தும் பாபு சாரிடம் கேட்கிறேன் என்றாயே, கேட்டாயா?

அன்புடன்,
வேல்விழி


4-2-2025

என் விழிக்கு,

ரசத்தில் உப்பே இல்லை. கோபத்தில் மறந்திருப்பாய்.

கேட்டேன். "பேரைச் சொன்னா நீ வாயசைக்கிறது தெரிஞ்சிடும். இன்னாம்மா பேசிக்கினு கீற?" என்றார். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். பள்ளிக்கூடத்தை விட்டபின் எனக்குக் கிடைத்த முதல் மேடை, அதுவும் போய்விடுமோ என்று இருந்தது. திட்டு, ஆனால் பேசாமல் இருக்காதே.

உன் பிரியா


6-2-2025

மோகனப்ரியாவுக்கு,

பாடிக் கொடுக்கிறேன், ஒத்துக்கொண்டாயிற்று. ஒன்றாம் தேதி மண்ணூரில் வேறு அறைக்குப் போகிறேன். இனி ரசம் நீயே வைத்துக்கொள்.

வேல்விழி


10-2-2025

என் பிரியாவுக்கு,

நேற்று இரண்டாவது சரணத்தில் நீ ஆட்டத்தை நிறுத்திவிட்டு, லைனில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினாய். திரை இடுக்கில் பார்த்துக்கொண்டே பாடியவள், யோசிப்பதற்குள் மைக்கோடு உன் இடத்தில் வந்து நின்றுவிட்டேன். மூன்று வருடப் பழக்கம், கால் சொன்னபடி கேட்கவில்லை. "ரிலீவர் வந்துட்டாடி" என்று நம் லைன் பெண்கள் கத்தினார்கள். சிரிப்புக்கு நடுவே எப்படிப் பாடி முடித்தேனோ தெரியாது. நீ ஓரமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தாய்.

அடுத்த வருடம் உனக்கு மேடை இல்லை என்று பாபு சார் சொல்லிவிட்டாராம். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. நான் மண்ணூருக்குப் போகவில்லை. ரசத்துக்கு உப்புப் போட்டிருக்கிறேன்.

பஸ் ஏறும்வரை அம்மா ஒன்றையே கேட்டாள். "ஏட்டி, அந்தப் பிள்ள நல்லாத்தான ஆடுனா, எதுக்குக் கையத் தூக்குனா?"

லைனில் எதற்குத் தூக்குவோமோ அதற்குத்தான் என்றேன்.

"பாவம், அவசரம் போலுக்கு" என்று உனக்காக வருத்தப்பட்டாள். ஆமாம் அம்மா, ரொம்ப அவசரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் விழி