உப்பில் புதைந்த வண்டி

அன்புள்ள அம்மாவுக்கு, இறைவனின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர்களுக்கு எரிமலையையும் அஸ்ஸால் உப்பு ஏரியையும் காட்டக் கூட்டிப்போனேன். உப்பேற்ற ஒட்டகங்களோடு வந்திருந்த நம் ஊர் கதாஃபோ மாமா கைகாட்டினார். இருட்டுவதற்குள் நகரம் திரும்பும் அவசரத்தில், நின்று செய்தி கேட்காமல் வண்டியை ஓட்டிவிட்டேன். வழியில் பார்த்தவரோடு செய்தி பரிமாறாமல் போவது நம் ஆட்கள் செய்கிற காரியமா? கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் உப்பில் புதைந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை.

மாமா சிரித்துக்கொண்டே வந்தார். "வண்டி எங்கயும் ஓடிடாது. மொதல்ல உக்காந்து செய்தி சொல்லுடா."

வெயிலிலேயே உட்கார்ந்தோம். ஊரில் மழையாம், நம் வெள்ளை ஒட்டகம் குட்டி போட்டிருக்கிறதாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன் மாமா."

"செய்தியில பொய் கலக்காத."

உள்ளதைச் சொன்னேன். பிறகுதான் ஒட்டகங்களைக் கட்டி வண்டியை இழுத்தார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நெய் கொடுத்தனுப்புங்கள். குட்டிக்குப் பெயர் வைத்துவிடாதீர்கள், பெருநாளுக்கு வந்து நானே வைக்கிறேன். முதலாளி கூப்பிடுகிறார்.

இந்தக் கடிதத்துக்கு முன்பே மாமா ஊர் வந்து சேர்ந்திருப்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தால், அவரையே நம்புங்கள்.

உங்கள் மகன்,
ஹுமெத்